கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முக்கடல் முனையா, சிதறால் மலையா?

டிசம்பர் கடைசி வாரம் கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க வேண்டுமானால், தூக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு நெரிசலில் நிற்க வேண்டும். பிறகு படகு வரிசை வேறு. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான்; பெரியவர்களுக்கு நாள் முழுக்க எரிச்சல்.

என் ஓட்டு மார்த்தாண்டம் அருகிலுள்ள சிதறாலுக்கே. கல் பாவிய பாதையில் ஏறினால், 9-ஆம் நூற்றாண்டிலேயே இருந்த சமணத் துறவிகளின் பள்ளி; பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்கள் என்னும் சமண குருமார்கள். வீடு வீடாக முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் தின்ற உடம்புக்கு இந்த ஏற்றம் மிக நல்லது. நடக்கும்போது தசைகள் ரத்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. முழங்கால் வலி உள்ளவர்கள், பள்ளத்தாக்கின் மேல் கால்வாய் நீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் சமதளமாக நடக்கலாம்.

இவ்வாண்டு உறவை இழந்த வீட்டாரையும் கட்டாயம் அழைத்துப் போங்கள். கூட்டத்தில் அவர்களுக்குப் பேச வாய்க்காது; மலைப்பாதையில் வாய்க்கும். காலையிலேயே ஏறிவிடுங்கள், வெயில் வந்தால் பாறை சுடும்.