பழைய சீல்டு பேரிங் ஹப் வாங்கலாமா? முதலில் ஃப்ரீவீலைப் பாருங்கள்

இரண்டு மாதமாக என் சைக்கிளை இந்தப் பின் ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) தான் ஓட்டுகிறேன். அலுமினிய உடல், இரு பக்கமும் சீல்டு பேரிங், அதாவது ரப்பர் மூடி போட்ட பேரிங். பின்பக்கப் பல்சக்கரங்களைத் தாங்கி, மிதிக்காதபோது சும்மா சுழலவிடும் ஃப்ரீவீல் மரையில் ஏறும் பழைய வகை. மேலிருந்த முத்திரை தேய்ந்துபோனதால் யார் செய்தது என்று தெரியவில்லை. நட்டுக்கு நட்டு அகலம் 126 மில்லிமீட்டர். ரிம், ஸ்போக், ஃப்ரீவீல் எல்லாவற்றோடும் முழுச் சக்கரமாகக் கைக்கு வந்தது. அச்சை விரலால் சுற்றினால் மணலை அரைப்பது போலக் கரகரத்தது.

சீல்டு என்றால் கைவைக்கவே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஃபில் வுட் நிறுவனம் 1971 முதல் இந்த வகை ஹப்புகளுக்குப் பெயர் வாங்கியது. அதன்பின் பலரும் செய்தார்கள். ஆனால் ரப்பர் மூடிக்குள் இருக்கும் கிரீஸுக்கும் வயதாகும். அதை மாற்ற பேரிங்கை வெளியே எடுக்க வேண்டும். வலப்பக்க பேரிங் ஃப்ரீவீலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஆக, ஃப்ரீவீல் வந்தால்தான் வேலையே தொடங்கும்.

என் ஃப்ரீவீலில் எதிரெதிரே இரண்டு பள்ளம் மட்டும். ஜப்பானிய நிறுவனமான சன்டூரின் ஃப்ரீவீல்களில் நிறையப் பார்த்திருப்பீர்கள். மிதிக்க மிதிக்க இறுகும் மரை இது. வருடக்கணக்கில் ஒருவர் மிதித்த பலம் முழுக்க அந்த இரண்டு பள்ளத்தின் வழியாகத்தான் திரும்ப வர வேண்டும். பள்ளத்தில் பல்லை மாட்டி ஃப்ரீவீலைக் கழற்றும் கருவிதான் ரிமூவர். முதலில் வாங்கிய ரிமூவரின் பற்கள் ஓரத்தில் உருண்டிருந்தன. அவசரப்பட்டு அதை வைத்து ஸ்பேனரால் திருப்பினேன். வழுக்கி, ஒரு பள்ளத்தின் விளிம்பு பிய்ந்தது. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

அடுத்த ரிமூவர் ஓரம் கூர்மையாக, கெட்டியான எஃகில் இருந்தது. அதுவும் உடனே உட்காரவில்லை. அச்சிலிருந்த ஸ்பேசர் (இடைவெளி வளையம்) தடுத்தது. வலப்பக்க நட்டையும் ஸ்பேசரையும் கழற்றிய பிறகு பல் பள்ளத்தின் அடிவரை இறங்கியது. மரையில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டேன். மறுநாள் குயிக் ரிலீஸ் கம்பியை (சக்கரத்தைச் சட்டத்தோடு பிடிக்கும் லீவர் கம்பி) அச்சுக்குள் செலுத்தி, அதன் நட்டை ரிமூவர் மேல் இறுக்கினேன். இந்த ஒரு விஷயத்தை விட்டுவிடாதீர்கள். பல் வெளியே ஏறி வழுக்காமல் பிடிப்பது அந்த நட்டுதான். ரிமூவரை வைஸில் கவ்வி, ரிம்மை இரு கையாலும் பிடித்து, பஸ் ஸ்டியரிங்கை ஒடிப்பது போல இடப்பக்கம் திருப்பினேன். மூன்றாவது முறை ‘டக்’கென்று விட்டது. உடனே நிறுத்தி நட்டைத் தளர்த்தினேன். ஃப்ரீவீல் வெளியே வரும்போது ரிமூவரையும் தள்ளும். தளர்த்தாமல் திருப்பினால் கம்பி கெட்டுவிடும்.

ரிம் மாற்றப் போகிறவர்களும் ஸ்போக்கை வெட்டுவதற்கு முன்பே ஃப்ரீவீலை எடுத்துவிட வேண்டும். ரிம் போய்விட்டால் திருப்பப் பிடிமானம் இல்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் சந்தோஷமான வேலை. மெல்லிய பிளேடு நுனியை உள்வளையத்தின் ஓரத்தில் நுழைத்து நெம்பியதும் ரப்பர் மூடி கிழியாமல் வந்தது. உள்ளே கிரீஸ் காய்ந்து பழுப்பாக ஒட்டிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்திச் சுற்றினேன். இடப்பக்க பேரிங் சத்தமில்லாமல் சுழன்றது. புது கிரீஸ் வைத்து அதையே போட்டேன். வலப்பக்க பேரிங்கில் குண்டு ஓடும் பாதையில் புள்ளி விழுந்திருந்தது. ஓரத்தில் பொறித்திருந்த எண் 6001. உள்ளே 12, வெளியே 28, அகலம் 8 மில்லிமீட்டர். மோட்டார்களில்கூட வரும் சாதாரண அளவு. ஹப் செய்தவரைத் தேடவே தேவையில்லை. எண்ணின் பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரு பக்கமும் ரப்பர் மூடி, அதையே வாங்கினேன். இந்த ஹப்பை எனக்குப் பிடிக்க முதல் காரணம் இதுதான். கூம்பு வடிவக் கோனும் தனிக் குண்டுகளும் வைத்த ஹப்பில் ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதி உண்டு என்பது உண்மை. ஆனால் உள்ளே பதித்த கிண்ணத்தில் புள்ளி விழுந்தால் பெரும்பாலும் ஹப்பே போச்சு.

புது பேரிங்கை ஏற்றும்போது வெளிவளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். நீள போல்ட்டும் சரியான அளவு வாஷர்களும் போதும். உள்வளையத்தில் சுத்தியலால் தட்டினால் அடி குண்டுகள் வழியாகப் போய் புது பேரிங்கும் கெடும்.

குறை ஒன்று உண்டு. ஃப்ரீவீல் வெளியே இருப்பதால் வலப்பக்க அச்சு பேரிங்கைத் தாண்டி வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கிறது. எடை அதிகமானால் அச்சு வளையும். வாங்குமுன் கண்ணாடிப் பலகைமேல் உருட்டிப் பாருங்கள். என்னுடையது நேராகவே இருந்தது.

ஃப்ரீவீலைத் திரும்ப ஏற்றும்போது மரையில் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றைக் கையாலேயே ஏற்றினேன். பிரெஞ்சு மரையின் விட்டம் 34.7 மில்லிமீட்டர், வழக்கமான 1.375 அங்குல மரை 34.9. இந்தச் சின்ன வித்தியாசத்தில் பலவந்தமாக ஏற்றினால் அலுமினிய மரை அழிந்துவிடும். இறுகினால் நிறுத்தி அளந்து பாருங்கள்.

பள்ளம் சிதையாத ஃப்ரீவீலோடு, அல்லது ஃப்ரீவீலே இல்லாமல், இப்படி ஒரு ஹப் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். இப்போது என் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டால் ஃப்ரீவீலின் டிக்டிக் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. அடுத்து அதே ஜோடியின் முன் ஹப்பைப் பிரிக்கப் போகிறேன்.