டொரொன்டோ ஸ்காபரோவில் பழைய எஸ்யூவி ஓட்டுகிறவர்களுக்கு: லீன் கோட் என்று சொல்லி ஒவ்வொரு சாமானாக மாற்றுகிற கராஜ்களிடம் கவனம்

1,840 டொலர். இன்றைக்குக் காலையில் கிரெடிட் கார்ட் கணக்கைத் திறந்து, ஒரு கராஜுக்குக் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்தேன். அந்த ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். கராஜின் பெயரைப் போடவில்லை. தமிழ் வர்த்தகக் கையேட்டில் முழுப்பக்க விளம்பரம் கொடுக்கிற, மூன்று நான்கு பேர் வேலை செய்கிற சின்ன இடம். அந்த மாதிரி இடங்கள் ஸ்காபரோவில் நிறைய இருக்கின்றன, நல்லவர்களும் இருக்கிறார்கள். இது நல்ல இடம் இல்லை.

என்னுடையது 2004 ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர், 4.0 லீட்டர் வி6. குளிர் தொடங்கியதும் காலையில் ஸ்டார்ட் செய்தால் ஐடில், அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடுகிற வேகம், ஏறி இறங்கும், செக் எஞ்சின் லைற் எரியும். சூடானதும் ஓரளவு சரியாகிவிடும். வண்டியின் கம்ப்யூட்டர் காட்டிய பிழைக் கோட் இரண்டு: பி0171, பி0174. எஞ்சினின் இரண்டு பக்கத்திலும் காற்று கூட, பெற்றோல் குறைவு என்று அர்த்தம், இதைத்தான் லீன் என்பார்கள்.

முதல் நாள் அந்தக் கராஜ் முதலாளி நடந்துகொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். ஸ்கேனரை என் கையிலேயே தந்து, "நீங்களே பாருங்கோ அண்ணை, நான் ஒண்டும் மறைக்கேல்லை" என்றார். ஊர் எது என்று கேட்டார். தன் சின்னம்மா கட்டியது பக்கத்து ஊர்தான் என்றார். பிளேன்ரீ வந்தது. "டீலரிட்ட போனியளெண்டால் தோலை உரிச்சுப் போடுவாங்கள். இது ஓ2 சென்சர். ரெண்டு பக்கமும் மாத்தினால் சரி." எஸ்டிமேட் எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். சிரித்துக்கொண்டு தோளில் கை வைத்து, "எங்களுக்குள்ள என்ன பேப்பர் அண்ணை?" என்றார். அந்தக் கை இன்னும் என் தோளில் இருக்கிற மாதிரி எரிகிறது.

புகைக்குழாயில் ஆக்சிஜனை அளக்கிற அந்த ஓ2 சென்சர் இரண்டுக்கும் 460 டொலர். லைற்றை அழித்துத் தந்தார்கள். சில நாளில் அதே இரண்டு கோட். "அப்ப இது காற்றளக்கிற மாஃப் சென்சர்." அதற்கு 390. திரும்பவும் அதே கோட். "இனிச் சந்தேகமே இல்லை, ஃபுவல் பம்ப்." டாங்கை இறக்கி ஏற்றி 990. மொத்தம் 1,840 டொலர். பம்ப் மாற்றிய அடுத்த வாரமே லைற் திரும்ப எரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கேவலம். போன் எடுத்தால் "பொஸ் லஞ்சுக்குப் போட்டார்." பின்னேரம் எடுத்தால் "பொஸ் வெளியில நிக்கிறார்." வாட்ஸப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. நேரே போனால், "குளிருக்கு அப்பிடித்தான், ஏப்ரல் வந்தால் போயிடும்." இன்னொரு முறை, "பழைய வண்டி, இதுக்கு மேல செலவழிக்காமல் வித்துப்போடுங்கோ." செலவழிக்க வைத்தவரே சொல்கிறார்! கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டேன், குப்பைக்குப் போய்விட்டதாம். கடைசியாகப் போனபோது கவுண்டரில் போனை நோண்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே, "மிஸ்டர், நான் போட்டதெல்லாம் புதுச் சாமான். எல்லாம் வேலை செய்யுது. பிறகென்ன பிரச்சினை?"

பிறகு ஒரு நண்பர் சொல்லி பிக்கரிங்கில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. ஸ்கேனரில் ஃபுவல் ட்ரிம் என்ற கணக்கைத் திறந்தார். கம்ப்யூட்டர் எவ்வளவு பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கிறது என்று அது காட்டும். ஐடிலில் இரண்டு பக்கமும் +25 சதவீதத்துக்குக் கிட்ட நின்றது. எஞ்சினை 2,500 ஆர்பிஎம்மில் பிடிக்கச் சொன்னார். +5, +6 என்று இறங்கிவிட்டது.

அவர் விளக்கியது இது. ஐடிலில், காற்று நுழைகிற கதவான த்ராட்டில் மூடியிருப்பதால் உள்ளே இழுவை அதிகம், மொத்தக் காற்று குறைவு. அப்போது ஒரு சின்ன இடைவெளியால் அளக்கப்படாமல் நுழைகிற காற்றும் பெரிய பங்காகிவிடும். ரேஸ் செய்தால் அந்தப் பங்கு சிறுத்துவிடும். ஆகவே இது வக்யூம் லீக், எங்கேயோ ஒரு இடைவெளியால் காற்று உள்ளே கசிகிறது. பம்ப் பலவீனமாக இருந்தால் நேர்மாறாக, எஞ்சினுக்குப் பாரம் கூடக்கூட நம்பர் ஏற வேண்டும். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்திருந்தால் 990 டொலர் பம்பில் கையே வைத்திருக்கத் தேவையில்லை. ஓ2 சென்சரும் அப்படித்தான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் லீன் காட்டினால் முதலில் இரண்டுக்கும் பொதுவான இடத்தைத்தான் பார்க்க வேண்டும். சரியாகச் சொல்கிற தெர்மாமீட்டரை மாற்றிக் காய்ச்சலை நிற்பாட்டப் பார்த்திருக்கிறார்கள்.

வண்டியை ஒரு இரவு வெளியில் விடச் சொன்னார். காலையில் எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போதே ஸ்மோக் மெஷினால், எஞ்சினுக்குக் காற்று போகிற வழியான இன்டேக்குக்குள் புகை விட்டார். அந்தக் காற்றைப் பிரித்து அனுப்புகிற பிளாஸ்டிக் மனிஃபோல்டுக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை மெல்லிசாக நெளிந்து வெளியே வந்தது. அதைக் கழற்றி, இடைவெளியை அடைக்கிற ஒரு ரப்பர் வளையத்தை என் உள்ளங்கையில் வைத்தார். சப்பையாகி இறுகியிருந்தது, நகத்தால் அழுத்தினேன், தடம்கூட விழவில்லை. குளிரில் சுருங்கி வழிவிடும், சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும். இந்த வகை எஞ்சினில் இது தெரிந்த விஷயம் என்றார். பழைய ரப்பர், வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. புது வளையங்கள், கூலி, புகைச் சோதனை எல்லாம் சேர்த்து 260 டொலர். எஸ்டிமேட்டை முதலிலேயே எழுதித் தந்தார், பழைய வளையங்களைப் பையில் போட்டுத் தந்தார். 260 டொலரில் முடிகிற வேலைக்கு என்னிடம் 1,840 டொலர் பிடுங்கினார்கள், அதுவும் வேலையே நடக்காமல்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பொறுமை இல்லை, அவசரமாகச் சிலதை மட்டும் சொல்கிறேன்.

ஒன்டாரியோவின் 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எஸ்டிமேட் தராமல், அல்லது நீங்கள் ஒப்புக்கொண்ட உச்சத் தொகை இல்லாமல், ரிப்பேருக்குக் காசு கேட்க முடியாது. எஸ்டிமேட்டுக்கு மேல் 10 சதவீதம்தான் கூடலாம். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் ஒழிய, கழற்றிய சாமானைத் தர வேண்டும். சாமானுக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு, எது முந்துதோ அது.

கோட்டைப் பார்த்தவுடனேயே சாமான் பெயர் சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். ஐடிலில் ட்ரிம் எவ்வளவு, 2,500இல் எவ்வளவு என்று கேளுங்கள். முழித்தால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். லைற் அணைந்ததை வைத்துச் சரியாகிவிட்டது என்று நம்பாதீர்கள். கோட்டை அழித்தால் திரும்ப வர நாள் எடுக்கும், அதற்குள் உங்கள் காசு போய்விடும். சூடான எஞ்சினில் கார்ப் கிளீனர் அடித்து நீங்களாக லீக் தேட வேண்டாம், தீப்பிடிக்கும்.

காசாகக் கொடுக்காதீர்கள், கார்டில் கொடுங்கள். நான் வங்கிக்குப் போன் பண்ணி முறைப்பாடு கொடுத்துவிட்டேன், கராஜுக்குப் பதிவுத் தபாலில் கடிதமும் போகிறது.