பழைய ஆம்னிக்கு ரிமோட் லாக்: நானே மாட்டி மூன்றரை வருஷம்

என்னிடம் இருப்பது 2009 மாடல் மாருதி ஆம்னி வேன். வாரா வாரம் ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குத் துண்டு, லுங்கி பண்டல் ஏற்றிப் போவதுதான் அதற்கு வேலை. இரண்டு கையிலும் பண்டலைத் தூக்கிக்கொண்டு போனபிறகுதான் "ஸ்லைடிங் டோரைப் பூட்டினோமா?" என்று ஞாபகம் வரும். பண்டலை இறக்கிவிட்டுத் திரும்பி ஓடணும். ஒருநாள் திரும்பி ஓடியபோது கதவு முழுசாகத் திறந்தே கிடந்தது. நல்லவேளை, எதுவும் போகவில்லை. அந்த வாரமே எல்லாக் கதவையும் ஒன்றாகப் பூட்டும் சென்ட்ரல் லாக்கிங் கிட் வாங்கிவிட்டேன். விலை 1,650 ரூபாய். மாட்டித் தர ஆக்சசரீஸ் கடையில் தனியாக ஆயிரம் கேட்டார்கள். ஆயிரத்தை மிச்சம் பிடிக்கப்போய் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

ஆம்னி 1984இல் மாருதி வேன் என்று வந்த வண்டி. 2019இல் உற்பத்தி நிற்கிற வரைக்கும் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடைக் கழற்றினால் உள்ளே கம்பியும் ஸ்பிரிங்கும்தான். நாம் கையால் தள்ளும் அந்த லாக் கம்பியை ஒரு சின்ன மோட்டார் தள்ளுகிறது, சென்ட்ரல் லாக்கிங் என்பது அவ்வளவுதான். கிட்டில் நான்கு ஆக்சுவேட்டர் (அந்தச் சின்ன மோட்டார்தான்), ஒரு கன்ட்ரோல் பெட்டி, இரண்டு ரிமோட், ஒயர், கம்பி, துளை போட்ட தகரப் பட்டை வந்தன. நான்கில் ஒன்றுக்கு மட்டும் ஐந்து ஒயர் இருக்கும், அது டிரைவர் டோருக்கு, அதுதான் மாஸ்டர். அந்தக் கதவைக் கையால் பூட்டினாலும் அது பெட்டிக்குச் சொல்லி மற்ற கதவுகளையும் பூட்ட வைக்கும். மற்ற மூன்றும் இரண்டு ஒயர் வேலைக்காரர்கள், சொன்னதைச் செய்வார்கள்.

முதல் ஞாயிறு டிரைவர் டோர். கண்ணாடி இறக்கும் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு கம்பி கிளிப் இருக்கும். ஸ்குருடிரைவரால் நோண்டிக்கொண்டு இருக்க வேண்டாம். பழைய பனியன் துணியைக் கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவே விட்டு இப்படியும் அப்படியும் இழுத்தால் கிளிப் தானாகத் தெறிக்கும். எங்கே தெறிக்கிறது என்று பார்க்க ஒரு ஆளை நிறுத்துங்கள். என்னுடையது சாக்கடைப் பக்கம் போனது.

அடுத்து நான் செய்தது எல்லாரும் செய்கிற தப்பு. இடம் தாராளமாகத் தெரிந்ததால் ஆக்சுவேட்டரை வைத்து இரண்டு ஸ்க்ரூவும் முடுக்கி, பேடையும் மாட்டிவிட்டேன். கண்ணாடியை இறக்கினால் பாதியில் 'டக்' என்று நின்றது. கண்ணாடி மேலே இருக்கும்போது தெரிகிற காலியிடமெல்லாம் கண்ணாடி இறங்குகிற இடம். முழுசாக இறக்கி வைத்துவிட்டு, மிச்சம் இருப்பதில்தான் ஆக்சுவேட்டருக்கு இடம் தேடணும்.

கரண்ட் வேலையை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன், அது சுலபம். கஷ்டம் முழுக்கக் கம்பியில். ஆக்சுவேட்டர் கம்பியும் வண்டியின் லாக் கம்பியும் ஒரே திசையில், ஒரே நேர்கோட்டுக்குக் கிட்டத்தில் ஓடணும். கோணம் பிசகினால் மோட்டார் பாதி பலத்தைப் பக்கவாட்டில் வீணடிக்கும். புதுசில் வேலை செய்வதுபோல் தெரியும், ஆறு மாதத்தில் திணறும். ஸ்க்ரூ போடுவதற்கு முன் ஆக்சுவேட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு லாக்கை மேலும் கீழும் இருபது தடவை ஆட்டிப் பார்த்தேன். கைக்கே இறுக்கமாக இருந்தால் மோட்டார் பாவம் என்ன செய்யும்? பன்னிரண்டு வருஷத் தூசியும் கிரீஸும் லாக்கில் களிமண் மாதிரி அப்பியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, புது கிரீஸ் தொட்டதும் பாதிப் பிரச்சினை போனது. இரண்டு கம்பியையும் சேர்க்கும் சின்ன கிளாம்பின் ஸ்க்ரூ அதிர்வில் தளரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

ஒயரிங்கைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பேட்டரியிலிருந்து நேரடி லைன், பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ், பெயின்ட் சுரண்டிய இடத்தில் எர்த். டோருக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் குழாய் வழியாகத்தான் ஒயர் போகணும். பழைய சைக்கிள் பிரேக் கேபிளை முதலில் நுழைத்து, அதில் கட்டி இழுத்தேன். முதல் சோதனையில் டிரைவர் கதவு பூட்டியது, இடது கதவு திறந்தது. அந்தக் கதவின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றியதும் சரி.

ஸ்லைடிங் டோர்தான் மண்டை காய வைத்தது. நகர்கிற கதவுக்கு ஒயர் எப்படிப் போகும்? சுருள் ஒயர் போட்டால் ஒருநாள் கதவிடுக்கில் நசுங்கும். பழைய வண்டி உடைக்கிற இடத்தில் வேறொரு வேனின் ஸ்பிரிங் கான்டாக்ட் ஜோடி 200 ரூபாய்க்குக் கிடைத்தது. தூணில் இரண்டு தகடு, கதவு ஓரத்தில் இரண்டு பின், கதவு மூடும்போது மட்டும் தொடும். திறந்த கதவைப் பூட்டப்போவதில்லையே, அதனால் போதும். தகடு வெளியே தெரிந்தாலும் ஷார்ட் ஆகாது. ரிமோட்டை அழுத்தும் ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான் அதில் கரண்ட், மற்ற நேரம் இரண்டு ஒயரும் எர்த்தில் கிடக்கும். இதை இடது பக்கத்துக்கு மட்டும்தான் செய்தேன். வலது ஸ்லைடிங் டோர் ரோட்டுப் பக்கம், நாங்கள் திறப்பதே இல்லை, எப்போதும் உள்ளிருந்தே பூட்டியிருக்கும். நான்காவது ஆக்சுவேட்டர் பின்கதவுக்குப் போனது.

முதல் ஐப்பசி மழையில் இடது முன்கதவு செத்தது. பேடுக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் ஷீட் கிழிந்திருந்ததால், தேவையில்லை என்று தூக்கிப் போட்டிருந்தேன். கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீர் கதவின் அடியில் இருக்கும் துளைகள் வழியே போகணும். துளை மண்ணால் அடைத்திருந்தது. ஆக்சுவேட்டரைக் கையில் எடுத்தபோது உள்ளே தண்ணீர் 'களக் களக்' என்றது. புதுசு ஒன்று 250 ரூபாய், கூடவே கனமான பாலித்தீன் ஷீட் ஒட்டினேன். மறுபடி அந்தக் கதவு படுக்கவில்லை.

இரண்டாவது வருஷம், திங்கள் ராத்திரி சந்தை. இன்ஜின் ஓட்டத்தில், சாவி வண்டியில். பண்டல் இறக்க இறங்கி டிரைவர் கதவைக் கொஞ்சம் ஓங்கிச் சாத்தினேன். 'சட சட' என்று எல்லாக் கதவும் பூட்டிக்கொண்டன. கிளாம்ப் தளர்ந்து, சாத்திய அதிர்ச்சியில் கம்பி நகர்ந்திருக்கிறது. நான் பூட்டச் சொன்னதாக மாஸ்டர் நினைத்துவிட்டது. ரிமோட் சாவிக்கொத்தில், சாவிக்கொத்து உள்ளே. வீட்டுக்காரிக்குப் போன் பண்ணினால், "ஏனுங்க, வண்டிக்குள்ள சாவிய வெச்சுப் பூட்டத்தான் ரெண்டு ஞாயித்துக்கெழம உருண்டீங்களா?" என்றாள். தம்பி மாற்றுச் சாவி கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆனது, அதுவரை இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து இரண்டு மாற்றம். கிளாம்ப் ஸ்க்ரூக்களில் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு விட்டுக் காயவிட்டேன், இன்றுவரை தளரவில்லை. இன்ஜின் ஓடும்போது இறங்கினால் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுகிறேன்.

பேட்டரி இறங்குமா என்று பலர் கேட்கிறார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தேன், சும்மா இருக்கும்போது 8 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. மாதத்துக்கு 6 ஆம்பியர் ஹவருக்குக் கொஞ்சம் குறைவு. 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் தினம் ஓடும் வண்டிக்குக் கவலையில்லை. மாதக்கணக்கில் நிறுத்துகிறவர்கள் ஃபியூஸைப் பிடுங்கி வையுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில்தான் எனக்கு ஏமாற்றம். ஒரு ரிமோட்டின் ரப்பர் பட்டன் தேய்ந்ததால் சாவி போடுகிறவரிடம் போனேன். அவர் புது ரிமோட்டைப் பழசுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு பட்டனை அழுத்தினார், ஒரே நிமிஷத்தில் நகல் தயார். எனக்குச் சந்தோஷம், ஆனால் அதே நகலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஒரே குறியீட்டை அனுப்பும் மலிவு ரிமோட் இது. அழுத்தும்போதெல்லாம் குறியீடு மாறுகிற கிட் கொஞ்சம் கூட விலை ஆனாலும் அதை வாங்கியிருக்கணும். பணப்பையை இப்போதும் வண்டியில் விடுவதில்லை.

ஸ்லைடிங் டோர் கான்டாக்டை இரண்டு மாதத்துக்கு ஒருதரம் உப்புத்தாளால் தேய்க்க வேண்டியிருக்கிறது. மறந்தால் அந்தக் கதவு மட்டும் பூட்டாது, இன்டிகேட்டர் என்னவோ எல்லாம் பூட்டிவிட்டதாகக் கண்ணடிக்கும். அதனால் அந்தக் கைப்பிடியை மட்டும் போகிற போக்கில் ஒரு இழு இழுத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. டிரைவர் பக்க மாஸ்டரின் சத்தம் போன மாதத்திலிருந்து கொஞ்சம் மந்தமாக இருக்கிறது. ஐந்து ஒயர் ஆக்சுவேட்டர் ஒன்று வாங்கி வைத்தாச்சு, தீபாவளி வியாபாரம் முடிந்ததும் டோரைத் திறக்கணும்.