கொட்டும் மழையில் மண்பாதை ராலி: சாஃப்ட் டயரா, ஹார்டு டயரா?

ராலி என்பது கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி, யாருக்குக் குறைந்த நேரம் என்று பார்க்கும் பந்தயம். மண்பாதை ராலி நாளில் வானம் பொத்துக்கொண்டால், காரின் வேகத்தைவிட டயர்தான் பெரிய கேள்வி. இந்தப் பேச்சில் எங்கள் திருவொற்றியூருக்குப் பங்கு உண்டு. 1946-இல் இங்கே பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப்பின் டயரில்தான் 2022-இல் எஃப்ரென் யரேனா ஐரோப்பிய ராலி சாம்பியன் ஆனார். சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் பார்த்த பெரியவர்களும் வடசென்னையில் நிறையப் பேர். ஆனால் அது தார் ஓட்டம். தாருக்கு மழை டயர் என்று தனியாக உண்டு. உலக ராலி சாம்பியன்ஷிப்பின் மண்பாதைகளில் அது கிடையாது. மென்மையான ரப்பரில் செய்த சாஃப்ட், கெட்டியான ரப்பரில் செய்த ஹார்டு, இந்த இரண்டில்தான் சமாளிக்க வேண்டும்.

விடாத மழையென்றால் என் ஓட்டு சாஃப்டுக்கே. ரப்பர் சூடேறினால்தான் பிடிக்கும். வேல்ஸ் காடுகளைப் போல் குளிரும் ஈரமும் சேர்ந்த இடத்தில் ஹார்டு சூடேறவே மாட்டேன் என்கிறது. பிரேக் மிதித்தால் கார் நேராக வழுக்கிக்கொண்டே போகும். சாஃப்டின் பட்டன்கள், அதாவது டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகள், வளைந்து கொடுத்து, ஈரக் கல்லையும் பற்றிக்கொள்ளும்.

ஹார்டை அதற்காகத் தள்ளிவிட முடியாது. மழை மேல்மண்ணை அரித்துவிட்டால் கூர்க்கற்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நனைந்த ரப்பர் காய்ந்த ரப்பரைவிடச் சுலபமாக அறுபடும் என்பது பலரும் கவனிக்காத ஆபத்து. டயர் மாற்றிக் காரைச் சரிபார்க்கும் சர்வீஸ் பார்க்கை விட்டுக் கிளம்பினால், நேரம் கணக்கிடும் அடுத்தடுத்த ஸ்டேஜ்களுக்குப் போட்ட டயர்களும் ஒன்றிரண்டு ஸ்பேரும்தான் துணை. நடுவில் வெயில் அடித்துப் பாதை காய்ந்தால் சாஃப்டின் பட்டன்கள் பிய்ந்து போகும். அப்போது ஹார்டு போட்டவர் நிம்மதியாக ஓட்டுவார்.

இரண்டு சாஃப்ட், இரண்டு ஹார்டு என்று குறுக்காக மாட்டுவதும் உண்டு. ஒரு பக்கத் திருப்பத்தில் கார் கேட்கும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். விட்டு விட்டுப் பெய்யும் நாளுக்குச் சரி. அடைமழைக்கு எனக்கு ஒப்பவில்லை.

ஆழமான சேற்றில் இரண்டுமே தோற்கும். மணலிப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் மிதித்துக் குழப்பிய சேற்றில் பைக் ஓட்டியவர்களுக்கு இது புரியும்: பட்டன் இடுக்கில் மண் அடைத்துவிட்டால் டயர் மொழுக்கென்று ஆகிவிடும். ராலி டயர் ஒல்லியாக இருப்பதே சேற்றைக் கிழித்துக் கீழே கெட்டித் தரையைத் தொடத்தான். 2022 கென்யா சஃபாரி ராலியில் மழை வந்தபோது, நான்கு சக்கரமும் இழுக்கும் கார்களே திணறின. அதையும் தாண்டி வென்றவர் 21 வயது காலே ரோவன்பெரா. முதல் நான்கு இடமும் டொயோட்டாவுக்கு.

அப்புறம், கிளம்பும் வரிசை. காய்ந்த மண்ணில் முதலில் போகிறவர் உதிரிக் கல்லைப் பெருக்கிக் கொடுத்து நேரத்தை இழப்பார். மழையில் இது தலைகீழ். முன்னால் போகிறவருக்கு ஓரளவு நல்ல பாதை, பின்னால் வருகிறவருக்குச் சக்கரத் தடங்களும் அதில் கிளம்பிய கற்களும். பின்வரிசைக்காரர் சாஃப்ட் போட்டால் அந்தத் தடப் பள்ளத்துக்குள் வழி பிடித்து ஓட்டும்போது நிதானம் வேண்டும்.

நம்மூர் ஐப்பசி மழையில் மண் வேல்ஸ் அளவுக்குக் குளிராது. மழை நின்றதும் வெயில் சுள்ளென்று அடிக்கும். அதனால் இங்கே மழையில் ராலி ஓடினால் நாலும் சாஃப்ட் மாட்டி, ஸ்பேர் இரண்டையும் ஹார்டாக எடுத்துப் போகச் சொல்வேன். இரண்டாவது ஸ்பேரின் எடை சில நொடிகளைத் தின்னும், தின்னட்டும்.