ஊர்ப்பெயரை நம்பிப் போர் போட்டோம்: காங்கேயத்துப் பக்கத்திலிருந்து ஓர் எச்சரிக்கை

சென்ற சித்திரையில் எங்கள் கிணற்றில் தரை தெரிந்தது. காங்கேயத்திலிருந்து வெள்ளக்கோவில் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற தோட்டம். தென்னைகளில் குரும்பை கொட்டத் தொடங்கியதும் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். பக்கத்து ஊரில் தெரிந்தவருடைய வண்டிக்குப் பத்து நாள் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அந்தப் பத்து நாளைப் பொறுக்காமல் இரவில் கைபேசியில் தேடினேன். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

முதலில் கண்ணில் பட்ட பக்கத்தின் பெயரில் திருச்செங்கோடு இருந்தது. கொங்கு நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அர்த்தநாரீசுவரர் மலைக்கு எவ்வளவு பெயரோ, போர் வண்டிக்கும் அந்த ஊருக்கு அவ்வளவு பெயர். இந்தியாவில் எந்த மாநிலத்துக்குப் போனாலும் திருச்செங்கோட்டு வண்டி ஒன்று பாறையைத் துளைத்துக்கொண்டிருக்கும். பல தலைமுறை உழைப்பில் வந்த பெயர் அது. இந்த மனிதர் அந்தப் பெயரை முன்னால் வைத்து, நடுவில் தொழிலைச் சேர்த்து, கடைசியில் உறவுமுறை ஒன்றையும் ஒட்டி வைத்திருந்தார். படித்தவுடன் நம் ஊர்ப் பையன் என்று மனம் இளகிவிடுகிறது. அவருக்கும் திருச்செங்கோட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது பணம் போன பிறகுதான் தெரிந்தது. வண்டியும் அவருடையது இல்லை. அவர் வெறும் இடைத்தரகர்.

"அண்ணா, இன்று இரவே வண்டி வந்துவிடும். அடிக்கு எண்பது ரூபாய்தான்" என்றார். சொன்னபடி இரவு பத்து மணிக்கு வண்டி வந்தது. ஆட்கள் இறங்கி, ஜாக்கி ஊன்றி, கம்பத்தை நிமிர்த்திய பிறகு ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். எண்பது ரூபாய் முதல் 300 அடிக்கு மட்டும். அதற்குமேல் ஒவ்வொரு நூறு அடிக்கும் 90, 100, 120, 150, 190, 240 என்று ஏறி, 900 அடி தாண்டினால் 300 ரூபாய். ஆழம் போகப் போக விலை ஏறுவது இந்தத் தொழிலில் வழக்கம்தான், அதைக் குறை சொல்லவில்லை. அதை முன்பே சொல்லாமல், வண்டி தோட்டத்துக்குள் நின்ற பிறகு சொன்னதுதான் சூழ்ச்சி. "வேண்டாம் என்றால் வண்டி வாடகையைக் கொடுத்துவிடுங்கள், போய்விடுகிறோம்" என்றார். ஒப்புக்கொண்டேன்.

என் அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். "ஆத்தா, புகையாக வரும், நீங்கள் போய்த் தூங்குங்கள்" என்று தரகர் இரண்டு முறை சொன்னார். அம்மா நகரவில்லை. மடியில் கொஞ்சம் புளியங்கொட்டை, காலடியில் ஒரு சொம்பு. துளைக்கும் இரும்புத் தண்டைத்தான் ராடு என்பார்கள். ஒரு ராடு முழுவதும் இறங்கி அடுத்த ராடு மாட்டும்போது துளைக்கும் காற்றை நிறுத்துவார்கள், அந்த நேரம் மட்டும் சத்தம் அடங்கும். சத்தம் அடங்கும்போதெல்லாம் அம்மா ஒரு கொட்டையைச் சொம்பில் போட்டார். வெள்ளைப் புகையில் எதிரில் நிற்பவர் முகமே தெரியவில்லை. காதை வைத்தே எண்ணினார்.

விடியற்காலையில் தண்ணீர் வந்தது. ஒன்றரை அங்குலம். எல்லோரும் அதைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றபோது தரகர் கணக்கைச் சொன்னார்: 960 அடி.

"கண்ணு, சொம்பை எண்ணு" என்றார் அம்மா. 41 கொட்டைகள். ராடு ஒன்று 20 அடி. ஆக 820 அடி. முனையில் பாறையை உடைக்கும் ஹாமரின் நீளத்தைச் சேர்த்தாலும் 825 வராது. அவர்கள் போட்ட விலையில் 820 அடிக்கு 93,800 ரூபாய், 960 அடிக்கு 1,31,000 ரூபாய். பொய்யாகக் கூட்டிய அடிகள் எல்லாமே கடைசி அடிகள், விலை உச்சத்தில் இருக்கும் அடிகள் என்பதைக் கவனியுங்கள். 140 அடியில் 37,200 ரூபாய் போய்விட்டது. தகராறு செய்தோம். ராடுகளைக் கழற்றி ஏற்றிவிட்டார்கள், இனி எதைக் காட்டி நிரூபிப்பது? வண்டியில் இருந்த ஆறு பேரும் ஒன்றாக நின்றார்கள். கொடுத்துவிட்டோம்.

இதைவிடப் பெரிய அநியாயம் கேசிங் பைப்பில் நடந்தது. நம் பகுதியில் மேலே மண்ணும், மண்ணாய்ப் போன இளம்பாறையும் இருக்கும், அதற்குக் கீழேதான் கெட்டிப் பாறை. கேசிங் பைப் அந்தக் கெட்டிப் பாறையில் போய் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் இளம்பாறை சரிந்து துளைக்குள் கொட்டும். எங்களுக்கு 100 அடி பைப் என்று, அடிக்கு 450 வீதம் 45,000 ரூபாய் வாங்கினார்கள். மூன்றே வாரத்தில் தண்ணீர் சேறாக வந்து மோட்டார் சிக்கிக்கொண்டது. கிரேன் வைத்து அதைப் பிடுங்கி எடுத்துவிட்டு, கேமரா இறக்குபவர்களை அழைத்தோம். சின்னத் திரையில் அடிக்கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. 60 என்று காட்டும்போது பைப்பின் விளிம்பு தெரிந்தது. அதற்குக் கீழே 88 அடி வரை செம்மண்ணும் பொடிக்கல்லும் பிதுங்கிக்கொண்டிருந்தன. 20 அடி பைப் மூன்றை இறக்கிவிட்டு ஐந்துக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள். மீதி இரண்டு பைப் இருட்டில் அதே வண்டியில் திரும்பிப் போயிருக்கிறது.

நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம் என்று 1915 என்ற உதவி எண்ணில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். எல்லாம் சரி. எதிர்மனுதாரர் பெயர், முகவரி என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டேன். துண்டுச் சீட்டில் பெயர் இல்லை. என்னிடம் இருந்தது அவர் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பக்கத்தின் பெயர் மட்டும்தான். அதற்கு எந்தத் தெருவில் நோட்டீஸ் அனுப்புவது?

இணையத்தில் யார் எந்தப் பெயர் வைத்துக்கொண்டாலும் எனக்கு மறுப்பில்லை. குலதெய்வத்தின் பெயரை, பேத்தியின் பெயரை, வளர்த்த காளையின் பெயரை வைக்கிறோம். நானே தோட்டத்தின் பெயரில்தான் எழுதுகிறேன். பேசுவதற்கு அது போதும். அடுத்தவன் தோட்டத்தில் வண்டியை நிறுத்திப் பணம் வாங்குகிறவருக்கு அது போதாது. அந்தப் பக்கத்தின் விவர வரலாற்றைத் திறந்து பார்த்தேன். தொடங்கி எட்டு மாதம்தான், அதற்குள் இரண்டு பெயர் மாறியிருக்கிறது. பாராட்டி எழுதியிருந்தவர்களின் பெயர்களைத் தொட்டுப் பார்த்தால் பாதிப் பேர் வேறு எதற்கும் ஒரு வரிகூட எழுதியதில்லை. இணைய மதிப்புரைகளுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-ல் ஐ.எஸ். 19000 என்று ஒரு தரநிலையையே வெளியிட்டிருக்கிறது, ஆனால் அது கட்டாயம் இல்லை. பெயரைத் தொட்டுப் பார்க்கும் வேலை நம் தலையில்தான் விழுகிறது. நான் அதைப் பணம் கொடுப்பதற்கு முன் செய்திருக்க வேண்டும்.

அவர் விரும்பியபடி வைத்துக்கொள்ள முடியாத பெயர் ஒன்றே ஒன்று இருந்தது. யு.பி.ஐ. செயலியில் வங்கிக் கணக்கில் பதிவான பெயர்தான் காட்டப்பட வேண்டும் என்று 2025 ஜூன் 30 முதல் நடைமுறை வந்திருக்கிறது. பணம் செலுத்தும்போது என் திரையிலும் ஒரு பெண்ணின் பெயர் வந்தது. "வீட்டுக்காரி கணக்கு, அண்ணா" என்றார். நான் படம் பிடித்து வைத்திருந்தேன். இப்போது என் புகாரில் அந்தப் பெயர்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழந்தைகள் விழுந்து இறந்த கொடுமைகளைத் தொடர்ந்து, உச்ச நீதிமன்றம் 2010-லேயே ஆழ்துளைக் கிணறுகளுக்கு விதிமுறைகளைச் சொல்லியிருக்கிறது. 15 நாள் முன்பே எழுத்தில் தகவல் கொடுக்க வேண்டும். போர் போடும் நிறுவனம் பதிவு செய்திருக்க வேண்டும். அதன் முழு முகவரியையும் நில உரிமையாளரின் முகவரியையும் எழுதிய பலகை அந்த இடத்தில் நிற்க வேண்டும். தமிழ்நாடு அரசும் ஊராட்சிகளுக்கென 2015-ல் தனி விதிகளைக் கொண்டுவந்தது. உயிரைக் காக்க வந்த விதி இது. நான் பலகை கேட்டிருந்தால் அவர் அன்றிரவே தன் பெயரை எழுதியாக வேண்டியிருந்திருக்கும், அல்லது வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார். அவசரத்தில் ஊராட்சிக்கு நானும் தகவல் கொடுக்கவில்லை. அது என் தவறு.

சென்ற வாரம் தாராபுரத்திலிருந்து மைத்துனர் ஒரு காணொளியை அனுப்பி, "மாமா, இவரைக் கூப்பிடலாமா?" என்று கேட்டார். பக்கத்தின் பெயர் புதிது. இந்த முறை வேறு ஊரின் பெயர். ராட்டைச் சுற்றித் தண்ணீர் பீறிட்டு அடிக்கிறது, கீழே "960 அடி, வாடிக்கையாளருக்கு மகிழ்ச்சி" என்று எழுதியிருக்கிறது. வலது ஓரத்தில் வேப்பமரம், அதன் கீழே கயிற்றுக் கட்டில், கட்டிலின் காலருகே ஒரு பித்தளைச் சொம்பு. உங்கள் கைபேசிக்கு எந்தப் பெயரில் வந்தாலும் அந்தச் சொம்பைப் பார்த்தால் அழைக்காதீர்கள்.