சத்தம் கேட்டதும் கையைத் தூக்க வேண்டாம்: ஓர் அம்பயர் வகுப்பு பற்றி

பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் புதிதாக நிற்கப்போகும் பேஸ்பால் அம்பயர்களுக்கான ஆன்லைன் வகுப்பு இது. ஸ்ட்ரைக் ஸோன், இன்ஃபீல்ட் ஃப்ளை என்று பாடங்கள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலும் எங்கும் கிடைக்கும் சரக்குதான். நான் சேர்ந்தது ஃபவுல் டிப் பாடத்துக்காக. அதில் போட்ட பணம் வீண்போகவில்லை.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த விதி சட்டென்று பிடிபடாது. அங்கே பேட்டில் உரசிய பந்தைக் கீப்பர் பிடித்தால் ஆள் அவுட். இங்கே பேட்டில் உரசிய பந்து விர்ரென்று நேராகக் கேட்சரிடம் (இங்கே கீப்பர் மாதிரி) போய், அவரும் பிடித்துவிட்டால், அதுதான் ஃபவுல் டிப். கணக்கில் ஒரு ஸ்ட்ரைக், மூன்று சேர்ந்தால் அவுட். அவ்வளவுதான். ஏற்கெனவே 2 ஸ்ட்ரைக் இருந்தால்தான் பேட்டர் அவுட். கேட்சர் நழுவவிட்டால் அது ஃபவுல் டிப்பே இல்லை, சாதாரண ஃபவுல் பால். 2 ஸ்ட்ரைக்கில் அப்படி நழுவினால் பேட்டர் பிழைத்துக்கொள்வார், பன்ட் செய்ய, அதாவது பேட்டைச் சுற்றாமல் பந்தை மெல்லத் தட்டிவிட, போயிருந்தால் தவிர.

இதுவரை விதிநூலைப் படித்தாலே தெரிந்துவிடும். மைதானத்தில் சண்டை வருவது ரன்னரால், அதாவது ஏற்கெனவே பேஸில் நிற்பவரால். ஃபவுல் பால் என்றால் பந்து டெட், ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். ஸ்டீல் செய்ய, அதாவது பந்து எறியும்போதே அடுத்த பேஸைப் பிடிக்க, ஓடியவர் திரும்பி வர வேண்டும். ஃபவுல் டிப் என்றால் பந்து உயிரோடு இருக்கிறது. அவர் ஓடியது செல்லும், கேட்சர் எறிந்து அவுட் ஆக்கவும் செய்யலாம். உயரமாக எழும்பிய ஃபவுல் கேட்ச்சுக்குப் பிறகு செய்வதுபோல் பழைய பேஸைத் தொட்டுவிட்டு ஓட வேண்டிய அவசியமும் இல்லை. 'பேட்டில் பட்டது, திரும்பி வா' என்று பெஞ்சிலிருந்து கத்தும் பயிற்சியாளர்களுக்கு இந்தப் பாடத்தைப் போட்டுக்காட்ட வேண்டும்.

பாடத்தின் பலம் அந்த இரட்டைக் காட்சிகள். பேட் சுற்றுவதும் 'டிக்' சத்தமும் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றில் பந்து மிட்டில் (கேட்சரின் கையுறையில்) தங்குகிறது, மற்றதில் கீழே உருள்கிறது. வீடியோவைச் சத்தத்தோடு நிறுத்தி, 'இப்போது தீர்ப்புச் சொல்லுங்கள்' என்கிறார் ஆசிரியர். சொல்லவே முடியாது என்பதுதான் விஷயம். சத்தம் உரசலைத்தான் சொல்லும், பிடித்ததைச் சொல்லாது. அவசரப்பட்டு இரண்டு கையையும் தூக்கி 'ஃபவுல்' என்றால் ஆட்டம் அங்கேயே செத்துவிடும். ஓடிக்கொண்டிருப்பவருக்கு நியாயம் செய்ய வழியே இருக்காது. அரை நொடி பொறுத்து மிட்டைப் பார்க்கும் பழக்கத்தை இந்தக் காட்சிகள் ஊட்டிவிடுகின்றன.

சைகைக்கு ஒதுக்கியிருக்கும் நேரம்தான் கஞ்சத்தனம். ஒரு புறங்கை மேல் மற்ற கையைத் தடவி, பிறகு ஸ்ட்ரைக் காட்ட வேண்டும். அந்தத் தடவலைப் பார்த்துத்தான் உரசியும் பந்து உயிரோடு இருப்பதை மற்றவர்கள் புரிந்துகொள்கிறார்கள். இதைக் கண் சிமிட்டும் நேரத்தில் காட்டி முடித்துவிட்டார்கள்.

இன்னொரு குறை கொஞ்சம் பெரியது. எந்த விதிநூலை வைத்து நடத்துகிறார்கள் என்று எங்கேயும் சொல்லவில்லை. பந்து முதலில் கேட்சரின் முகக்கவசத்தில் பட்டுத் துள்ளி, பிறகு பிடிபட்டால் என்ன? முதலில் கையுறையிலோ கையிலோ பட்டிருக்க வேண்டும் என்பது பழைய வரையறை. அதன்படி இது ஃபவுல், பந்து டெட். தொழில்முறை ஆட்டத்தின் விதிநூல் அந்த நிபந்தனையைப் பின்னால் எடுத்துவிட்டது. எல்லா லீக்குகளும் அந்த நூலைப் பின்பற்றுவதில்லை. கடைசியில் வரும் தேர்வில் இதே கேள்விக்கு 'ஃபவுல்' மட்டுமே சரியான விடை என்று போட்டு, மாற்றிச் சொன்னால் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். சேர்பவர்கள் அந்த மதிப்பெண்ணைப் பொருட்படுத்தாமல், தங்கள் லீக்கின் விதிநூலில் அந்த வரியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.