சுங்கை சிப்புட்டில் கரண்டு: ஒரு மிளகாய் மில்லிலிருந்து

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மிளகாய், மல்லி அரைக்கும் மில் வைத்திருக்கிறேன். 1994இல் மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலிடம் திரீ பேஸ் இணைப்பு வாங்கினேன். அன்றிலிருந்து இன்றுவரை அதே கரண்டுதான். கடைகளுக்கும் சாப்பாட்டுக்கும் மதிப்பீடு எழுதுகிறோம், தினமும் காசு கொடுத்து வாங்கும் கரண்டுக்கு யாரும் எழுதுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

சேவை நன்றாக இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம் காலை ஆறு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை மோட்டார் ஓடும். ஈர மல்லியைப் போட்டாலும் திணறாமல் இழுக்கும். பில்லில் எத்தனை யூனிட், என்ன கட்டணம் என்று எல்லாம் தெளிவாக இருக்கிறது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். மிச்சம் ஒன்றை ஏன் பிடித்து வைத்திருக்கிறேன் என்று சொல்ல, நான் பிறந்த லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, போக வேண்டும்.

அப்பா தோட்டத்து எஞ்சின் வீட்டில் வேலை பார்த்தார். சாயங்காலம் ஆறரைக்கு டீசல் எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடிக்கும். லயத்தில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரியும். பத்து மணிக்கு நிறுத்துவார். பல்பு பட்டென்று அணையாது. உள்ளே இருக்கும் கம்பி மஞ்சளாகி, சிவப்பாகி, கடைசியில் ஒரு புழு மாதிரி தெரிந்து மறையும். அதைப் பார்த்துக்கொண்டேதான் தூங்குவோம்.

1983இல் தோட்டம் கைமாறியது. புது முதலாளி யாரென்று தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணிக்கே சரியாகத் தெரியவில்லை. அடுத்த மாதம் எஞ்சின் ஒன்பதுக்கே நிற்க ஆரம்பித்தது. சம்பளச் சீட்டில் கரண்டுக்குப் பிடித்தது 4 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 6 வெள்ளி ஆனது. அப்பாதான் எஞ்சினை நிறுத்துபவர் என்பதால் லயத்து ஆட்கள் அப்பாவிடம் வந்து சண்டை போட்டார்கள். அந்த வருஷம் எனக்குப் பரீட்சை. மண்ணெண்ணெய் விளக்கில் படித்தேன். வேறு கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றால் கரண்டுக்கு வேறு கடை கிடையாது. என் மனக்குறை முழுக்க இதுதான்.

தோட்டம் கைமாறினால் ஜனங்களுக்கு என்ன ஆகும் என்று எங்கள் ஊர் நன்றாக அறியும். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலைப் பார்த்துத்தான், இந்த ஊரில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நிலத்துக்கு அப்படி ஒரு வழி கிடைத்தது. கரண்டுக்கு?

கரண்டுக் கம்பெனிகளும் கைமாறிக்கொண்டேதான் இருந்திருக்கின்றன. 1930இல் செண்டரோ அணையைக் கட்டி கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்குக் கரண்டு விற்ற பேராக் ஆற்று நீர்மின் நிறுவனத்தை 1982இல் தேசிய மின் வாரியம் எடுத்துக்கொண்டது. 1990இல் அந்த வாரியம் தெனாகா நேஷனல் ஆனது. இன்று மேற்பார்வையும் இருக்கிறது. எரிசக்தி ஆணையம் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. தெனாகாவின் ஒரே ஒரு சிறப்புப் பங்கு நிதியமைச்சரின் நிறுவனத்திடம் இருக்கிறது. அந்த ஒரு பங்கு சம்மதிக்காமல் தெனாகா இன்னொரு நிறுவனத்தோடு இணைய முடியாது. இது எனக்கு நிம்மதி தரும் ஏற்பாடு.

ஆனால் இதில் பில் கட்டுகிறவருக்கு இடம் எங்கே? 2010இல் போட்டிச் சட்டம் வந்தபோது நிறுவனங்கள் இணைவதைப் பரிசீலிக்கும் அதிகாரத்தை அதில் வைக்கவில்லை. எரிசக்தி ஆணையத்தின் கீழ் வரும் தொழிலையும் அந்தச் சட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டார்கள். இங்கே கரண்டு உற்பத்தி செய்யும் எட்ரா நிறுவனத்தின் மின்நிலையங்களைச் சீன அரசின் மின் நிறுவனமான சிஜிஎன் 983 கோடி வெள்ளிக்கு வாங்கியபோது, வெளிநாட்டவருக்கு 49 விழுக்காடு என்ற வரம்பிலிருந்து அரசு விலக்குக் கொடுத்தது. 2016 மார்ச்சில் கைமாறியது. நான் அதைப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

சட்டம் படிக்கும் என் மகள் அதே மார்ச்சில் அமெரிக்காவில் நடந்ததைச் சொன்னாள். வாஷிங்டன் நகருக்குக் கரண்டு கொடுக்கும் பெப்கோவை எக்ஸலான் என்ற இன்னொரு மின் நிறுவனம் வாங்கப் பார்த்தது. அந்நகரின் பொதுச்சேவை ஆணையம் 2015 ஆகஸ்டில் இது பொதுநலனுக்கு ஆகாது என்று தடுத்தது. ஏழு மாதம் கழித்து, நிபந்தனைகள் போட்டுத்தான் விட்டது. கடைசியில் விட்டுவிட்டார்களே என்று மகளுக்கு வருத்தம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆணையம் நடத்திய கூட்டங்களில் பில் கட்டும் ஊர்க்காரர்கள் எழுந்து பேசியிருக்கிறார்கள். 1983இல் அப்படி ஒரு கூட்டம் நடந்திருந்தால் அப்பா பேசியிருப்பார். எஞ்சினுக்கு எத்தனை டீசல் ஆகிறது, 6 வெள்ளி நியாயமா இல்லையா என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

நான் பிடித்து வைத்த அந்த ஒன்று இதற்காகத்தான். இங்கேயும் அப்படி ஒரு கூட்டம் வரும் நாளில் கொடுத்துவிடுவேன்.

அப்புறம் ஒன்று. கடைத்தொகுதியிலோ புதுக் குடியிருப்பிலோ இடம் பார்ப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்: கரண்டு நேராக வருகிறதா, நடுவில் ஒருவர் மொத்தமாக வாங்கிக் கொடுக்கிறாரா? நடுவில் ஆள் இருந்தால் பில் யார் பெயரில் வரும், அவரிடம் உரிமம் இருக்கிறதா, அவர் இடத்தை விற்றுவிட்டால் உங்கள் மீட்டர் யார் கைக்குப் போகும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.